கேட்குமுன் ஏற்பது

இசைக்கருவி ஒன்றை வாங்க விரும்புகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. கடையில் தொங்கும் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து மீட்டிப் பார்த்து, காதுக்கும் கைக்கும் பிடித்துப்போனதற்குப் பணம் கட்டி எடுத்துவருவது முதல் வழி. இன்னும் உருவாகாத ஒரு கருவிக்காக அதைச் செய்யப்போகும் கைவினைஞரைத் தேடிச் சென்று, தேவைகளைச் சொல்லி, அச்சாரம் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ காத்திருப்பது இரண்டாவது வழி. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது வழியே வாங்குபவருக்குக் கூடுதல் உரிமை தருவதாகத் தோன்றும். மரம், அளவு, அலங்காரம் எல்லாவற்றையும் அவரே தீர்மானிக்கிறார் அல்லவா? ஆனால் முதல் வழியில் கேட்டறிந்த பிறகே ஒப்புதல் வருகிறது. இரண்டாவதிலோ ஒப்புதல் முதலில் வந்துவிடுகிறது, கேட்டறிவது கடைசியில்தான் நிகழ்கிறது. வாழ்க்கையின் பெரிய தீர்மானங்களில் பல, ஒரு தொழிலை வாழ்நாள் பணியாக ஏற்பது, திருமணம் செய்துகொள்வது, பிள்ளை பெறுவது போன்றவை, இந்த இரண்டாம் வரிசையிலேயே நடக்கின்றன என்பதால், கையால் செய்யப்படும் ஒரு கிதாரைச் சொல்லிச் செய்விக்கும் அனுபவம் இசைப் பிரியர்களின் எல்லையைத் தாண்டி யோசிக்கத் தக்கதாகிறது. ஒருவர் தமக்கு என்ன வேண்டும் என்பதை உண்மையில் எவ்வளவு அறிந்திருக்கிறார், அதில் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதைப் பிறர் கையில் விட்டுவிட வேண்டும் என்பவையே இங்கு எழும் கேள்விகள்.

மின்சார உதவியின்றித் தன் மரக்கூட்டின் அதிர்வாலேயே ஒலியெழுப்பும் கிதாரை அக்கூஸ்டிக் கிதார் என்பர். அதன் இன்றைய வடிவம் இரண்டு மரபுகளின் வழியே அமைந்தது. நைலான் தந்திகளுடைய செவ்வியல் கிதாருக்கு, ஸ்பெயினின் அல்மெரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) வகுத்த அளவுகளும் உள்ளமைப்பும் அடிப்படையாயின. எஃகுத் தந்தி கிதாருக்கு, ஜெர்மனியிலிருந்து குடியேறி 1833இல் நியூயார்க்கில் தொழில் தொடங்கிப் பின்னர் பென்சில்வேனியாவின் நாசரேத் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்த மார்ட்டின் குடும்பத்தின் நிறுவனம் பெருமளவு வடிவம் தந்தது. இன்று பெரிய தொழிற்சாலைகள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிதார்களை உருவாக்குகின்றன. அவற்றில் பல மிக நல்ல கருவிகளே. இவற்றுக்கு இணையாக, ஒருவரோ இருவரோ மட்டும் உழைக்கும் சிறு பட்டறைகளும் 1970களிலிருந்து வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருகின. இவற்றில் மரத்தைத் தேர்வதிலிருந்து தந்தி மாட்டுவது வரை எல்லாம் ஒரே கையால் நடப்பதால், ஆண்டு முழுதும் உழைத்தாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய கிதார்களே வெளிவரும். விலை தொழிற்சாலைக் கருவியைப் போலப் பல மடங்காக இருப்பதும், காத்திருப்போர் பட்டியல் நீள்வதும் இதன் விளைவுகள்.

இத்தகைய பட்டறைக்குப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுபவை எண்களாகச் சொல்லக்கூடியவை. தந்திகள் கழுத்தின் மேல் முனையில் பதிந்து கிடக்கும் எலும்புத் துண்டின் அகலம் 43 மில்லிமீட்டரா, 44.5 மில்லிமீட்டரா என்பது அவற்றுள் ஒன்று. தாளில் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இந்த ஒன்றரை மில்லிமீட்டர், விரல்நுனிகள் பக்கத்துத் தந்தியைத் தொட்டு ஒலியைக் கெடுக்குமா, தாராளமாக ஊன்றி நிற்குமா என்பதை முடிவுசெய்கிறது. மேல்முனை எலும்புக்கும் கீழே மரக்கூட்டின்மீது தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் இடையே அதிரும் தந்தியின் நீளம் சுமார் 645 மில்லிமீட்டரா, 632 மில்லிமீட்டரா என்பது அடுத்தது. நீளம் கூடினால் அதே சுருதிக்குத் தந்தியை இன்னும் இறுக்க வேண்டியிருக்கும், ஒலி விறைப்பாகும், விரலுக்கு உழைப்பும் கூடும். கூட்டின் பருமன், கழுத்தின் வளைவு, கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளான கட்டைகளில் மேலுள்ளவற்றை விரல் எட்டுவதற்காகத் தோள்பகுதியில் குடைவு வேண்டுமா வேண்டாமா என்று பட்டியல் நீள்கிறது. இதுவரை சட்டைக்கு அளவு கொடுப்பதைப் போன்றதுதான்.

ஆனால் தேர்ந்த கைவினைஞர்கள் பட்டியலோடு நிறுத்துவதில்லை. வந்தவர் கையில் ஒரு கிதாரைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அப்போது அவர்கள் பாட்டைவிடக் கையையே அதிகம் கவனிக்கிறார்கள். வலக்கை நகத்தால் மீட்டுகிறதா, விரல் சதையால் மீட்டுகிறதா, பிக் எனப்படும் மீட்டுத்துண்டால் ஓங்கி அடிக்கிறதா. மணிக்கட்டு குதிரைக்கு அருகில் நிற்கிறதா, ஒலித்துளைக்கு மேலே மிதக்கிறதா. இடக்கைக் கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் ஒடுங்கிக் கிடக்கிறதா, மேலே எட்டிப்பார்த்துத் தடித்த தந்தியை அழுத்துகிறதா என்பவை அவர்களுக்கு வாய்ச்சொல்லைவிடத் தெளிவான பதில்கள். தோள்குடைவு கட்டாயம் வேண்டும் என்று வற்புறுத்தும் ஒருவரின் விரல்கள் வாசிப்பு முழுவதும் ஐந்தாம் கட்டையைத் தாண்டாமல் இருக்கலாம். பேரொலி வேண்டும் என்பவர் மெல்லத் தடவி வாசிப்பவராக இருக்கலாம். ஒருவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் சித்திரமும் அவருடைய கை நாள்தோறும் செய்வதும் இவ்வளவு அருகருகே வைத்துப் பார்க்கப்படும் தருணங்கள் வாழ்வில் அதிகம் கிடைப்பதில்லை. ‘இது உங்களுக்கு வேண்டுமா, இப்படி வாசிக்கும் ஒருவராக ஆக வேண்டும் என்ற ஆசையா?’ என்ற கேள்வியைக் கைவினைஞர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும், அது அந்த அறையில் எழுந்துவிடுகிறது. ஆசையின்படியே செய்துகொள்வதிலும் தவறில்லை. எது ஆசை, எது பழக்கம் என்று தெரிந்து கேட்பதற்கும் தெரியாமல் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு என்பதே இங்குக் கருதத்தக்கது.

கிதார் வரலாற்றில் பதிவான இரண்டு கோரிக்கைகள் இந்த வேறுபாட்டைக் காட்டுகின்றன. 1929இல் அட்லாண்டாவைச் சேர்ந்த பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ கலைஞர் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒரு கிதார் கேட்டார். பாஞ்சோ என்பது வட்டமான தோல்முகமும் நீண்ட கழுத்தும் உடைய தந்திக்கருவி. அதன் நீண்ட, ஒல்லியான கழுத்தில் பழகிய விரல்களுக்கு, பன்னிரண்டாம் கட்டையிலேயே மரக்கூட்டில் முட்டி நிற்கும் அக்காலக் கிதார் இடைஞ்சலாக இருந்தது. அவருக்காக நிறுவனம் கூட்டின் தோள்பகுதியைக் குறுக்கி, பதினான்கு கட்டைகள் கூட்டுக்கு வெளியே நிற்கும்படி புதிய வடிவை அமைத்தது. ‘ஓ.எம்.’ என்று பெயர்பெற்ற அந்த வடிவின் பதினான்கு கட்டைக் கழுத்து, பின்னர் எஃகுத் தந்தி கிதார்களின் பொது இலக்கணமாகவே ஆயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1933இல், பின்னாளில் திரைப்படங்களில் புகழ்பெற்ற பாடகர் ஜீன் ஆட்ரி அதே நிறுவனத்திடம் கேட்டது வேறு. ‘டிரெட்நாட்’ எனப்படும் பெரிய கூட்டுடைய கிதார், நிறுவனத்தின் மிக உயர்ந்த அலங்காரத்துடன், விரற்பலகையில் தம் பெயர் சிப்பியோட்டால் இழைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அதுவே ‘டி-45’ வரிசையின் முதல் கருவி. இரண்டாம் உலகப்போரால் 1942இல் நிறுத்தப்படும் வரை 91 மட்டுமே செய்யப்பட்ட அந்த வரிசை, இன்று சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்துத் தேடும் பொருள்.

இரண்டு கோரிக்கைகளும் நிறைவேறின, இரண்டும் புகழ்பெற்றன; ஆகவே ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றதைத் தாழ்ந்ததென்றும் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. மேடையில் தொலைவிலிருந்து பார்க்கப்படும் ஒரு நட்சத்திரத்துக்குப் பளபளக்கும் பெயரும் தொழிற்கருவியே. ஆயினும் ஆட்ரியின் பெயர் பதித்த விரற்பலகை அவர் ஒருவருக்கே பொருந்தியது. பெக்டெல் கேட்டதோ, தம் விரல்கள் பட்ட இடைஞ்சலிலிருந்து எழுந்ததால், அவரைப் போன்ற எல்லா விரல்களுக்கும் பயன்பட்டது. தன் உடலும் பயன்பாடும் சொல்வதைத் துல்லியமாகக் கேட்டவரின் கோரிக்கையே பொதுமைக்கு வழிவிட்டது என்பது கவனிக்கத்தக்க முரண்.

சொல்லிச் செய்விப்பவர்கள் மிகுதியாகத் தலையை உடைத்துக்கொள்வது பின்பலகைக்கும் பக்கப்பலகைக்குமான மரத்தைப் பற்றித்தான். நெடுங்காலம் இதில் முதலிடம் வகித்தது பிரேசில் ரோஸ்வுட். 1960களின் இறுதியில் அதன் மரத்துண்டுகள் கிடைப்பது அருகியதும், மார்ட்டின் உள்ளிட்ட நிறுவனங்கள் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறின. நீலகிரியும் வயநாடும் உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் ஈட்டி, அதாவது தோதகத்தி மரமே இது. தமிழ் வீடுகளில் கட்டிலும் அலமாரியுமாக அறியப்பட்ட மரம், உலகக் கிதார்களின் முதுகாக அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒலித்துவருகிறது. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 1992இல் பிரேசில் ரோஸ்வுட்டைத் தன் மிகக் கடுமையான பட்டியலில் சேர்த்தது. 2017இல் ஈட்டி உள்ளிட்ட அந்தப் பேரினம் முழுவதும் கண்காணிப்புக்கு உள்ளானது. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்களிக்கப்பட்டது. ஒரு கருவியின் முதுகுக்கு எந்த மரம் என்ற தனிமனித விருப்பம், ஏதோ ஒரு மலைச்சரிவில் இன்னொரு நூற்றாண்டு நின்றிருக்கக்கூடிய மரத்தோடு தொடர்புடையது என்பதை இந்தச் சட்டங்கள் வாங்குபவருக்கு நினைவூட்டுகின்றன.

இத்தனை விலையும் விவாதமும் சட்டமும் சூழ்ந்த இந்த மரத்தேர்வு, காதுக்கு எவ்வளவு எட்டுகிறது என்பதை ஓர் ஆய்வு சோதித்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கிதார் செய்பவரான ரோஜர் பக்னலுடன் சேர்ந்து, பின்பலகையும் பக்கப்பலகையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான ஆறு கிதார்களை உருவாக்கி, எது எந்த மரம் என்று தெரியாதபடி கண்களை மறைத்து, 52 கிதார் கலைஞர்களிடம் வாசிக்கக் கொடுத்தனர். 2018இல் வெளியான முடிவுகளின்படி, பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான மரங்களுக்கும் கலைஞர்கள் தந்த மதிப்பீட்டில் பெரிய வேறுபாடு இல்லை. இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1862இல், தோரஸ் பின்னும் பக்கமும் அட்டையால் ஆன ஒரு கிதாரைச் செய்து, ஒலியின் பெரும்பொறுப்பு மேற்பலகையினுடையது என்று காட்டியிருந்தார். அந்தக் கருவி பார்சலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. பின்பலகையால் எந்த வேறுபாடும் நேராது என்பதல்ல இவற்றின் முடிவு. வாங்குபவர் செலுத்தும் கவலையும் காது பெறும் பயனும் பொருந்தாத விகிதத்தில் இருக்கின்றன என்பதே. இந்தப் பொருத்தமின்மைக்குக் காரணம் எளியது: பின்பலகை மரத்துக்குப் பெயர் உண்டு, நிறம் உண்டு, விலை உண்டு, ஆகவே அதைக் கேட்க முடிகிறது. ஒலியைத் தீர்மானிப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரே இல்லை. வீட்டின் தரைக்கு எந்தக் கல் என்று மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்க மறப்பவர்களும், வரனின் படிப்பையும் சம்பளத்தையும் துல்லியமாக விசாரித்துவிட்டு, கோபம் வந்தால் எப்படிப் பேசுவார் என்பதை விசாரிக்க வழி தெரியாதவர்களும் இதே தடுமாற்றத்துக்கு உள்ளானவர்கள்தாம்.

பெயரில்லாத அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். மேற்பலகைக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். எடைக்கு மிஞ்சிய விறைப்பு அதன் தனிக்குணம். தண்டின் ஆரப்போக்கில் அறுத்த பலகையைப் புத்தகம்போல் இரண்டாகப் பிளந்து விரித்து நடுவில் ஒட்டுவதால், இரு பாதிகளிலும் மரத்தின் இழைகள் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்து ஓடும். இந்தப் பலகையைக் கைவினைஞர் இழைப்புளியால் சீவிச் சீவிச் சுமார் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கும் கீழே கொண்டுவருகிறார். ஒவ்வொரு சுற்றுச் சீவலுக்குப் பிறகும் பலகையின் இரு ஓரங்களையும் பிடித்து மெல்ல வளைக்கிறார். ஒரு முனையில் இரு விரல்களால் தொங்கவிட்டு, மறுகையின் விரல்மூட்டால் தட்டி, அது எழுப்பும் ஒலி தடித்து மங்கலாக இருக்கிறதா, தெளிந்து நீள்கிறதா என்று கேட்கிறார். எஃகுத் தந்திகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு குதிரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த விசையைத் தாங்க, பலகையின் அடியில் பெருக்கல்குறி வடிவில் இரண்டு முதன்மைச் சட்டங்களும் துணைச் சட்டங்களும் ஒட்டப்பட்டு, உளியால் மீண்டும் செதுக்கப்படுகின்றன. பலகை தடித்தால் கிதார் நூறாண்டு நிற்கும், ஆனால் வாய்திறக்காது; மெலிந்தால் முதலில் முழங்கும், பிறகு வயிறு புடைத்துச் சிதையும். நல்ல கிதாருக்கு இடம் இந்த இரண்டு தோல்விகளுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியை முன்கூட்டி எண்ணாகக் குறித்துத் தர முடியாததற்குக் காரணம், ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒரே விறைப்போடு இருப்பதில்லை என்பதே. ஒன்றுக்குப் பொருந்திய கனம் மற்றதற்குப் பொருந்தாது. தோரஸிடம் அவருடைய இரகசியத்தைக் கேட்டபோது, அது தம் கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளில் இருப்பதாகவும், பலகை போதிய அளவு மெலிந்துவிட்டதா என்பதை அவையே சொல்லும் என்றும் அவர் விளக்கியதாக அவரைப் பற்றிய வரலாறு கூறுகிறது. இது அறிவை மறைத்துவைக்கும் தந்திரம் என்று கொள்ள வேண்டியதில்லை. அந்த அறிவு வேறெங்கும் இல்லை என்ற நேரான வாக்குமூலமாகவே அதைக் கொள்ளலாம். சொல்லிச் செய்விப்பவர் இல்லாத ஒரு பகற்பொழுதில், யாரும் எழுதித்தராத ஓர் அளவில், சீவுவதை நிறுத்திக்கொள்கிறது ஒரு கை. அவர் செலுத்தும் விலையின் பெரும்பகுதி அந்த நிறுத்தத்துக்கானது.

வேண்டிய ஒலியைச் சொற்களில் சொல்லிவிடலாமே என்று தோன்றலாம். கனிவு, பளிச்சென்ற தெளிவு, ஆழம் என்று கிதார் உலகில் புழங்கும் அடைமொழிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவர் கனிவு என்பதை இன்னொருவர் மந்தம் என்கிறார். அதனால் கைவினைஞர்கள் அடைமொழிகளைக் கேட்டுக்கொண்டாலும், எந்த ஒலிப்பதிவுகளை விரும்பிக் கேட்பீர்கள், இப்போது வாசிக்கும் கருவியில் எது உறுத்துகிறது என்று விசாரிப்பதிலேயே கூடுதல் நம்பிக்கை வைக்கிறார்கள். விருப்பம் நேரடியாகச் சொல்லில் சிக்காதபோது, அது பற்றிநிற்கும் பொருள்களின் வழியே அதை ஊகிக்க முடிகிறது. இவ்வாறு ஊகித்தறிந்ததும் இறுதியில் ஊகமே. எஞ்சிய தொலைவை நம்பிக்கைதான் கடக்க வேண்டும்.

நம்பிக்கை என்றால் எது வந்தாலும் தலையாட்டி ஏற்றுக்கொள்வது என்று பொருளாகாது என்பதற்கு, ஆந்த்ரேஸ் செகோவியாவுக்கும் ஹெர்மன் ஹாவ்சருக்கும் இடையே நிகழ்ந்தது சான்று. செவ்வியல் கிதாரை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்ற ஸ்பானியக் கலைஞரான செகோவியா, மத்ரித்தின் மனுவேல் ராமிரெஸ் பட்டறையில் 1912இல் உருவான ஒரு கிதாரை வாசித்துவந்தார். 1924இல் அவர் மியூனிக் வந்தபோது, அதுவரை வியன்னா மரபில் கிதார் செய்துவந்த ஹாவ்சர் அந்தக் கருவியைக் கையிலெடுத்து ஆராய்ந்தார். ஸ்பானிய மரபில் தாமும் செய்து பார்க்கத் தொடங்கினார். அதன்பின் ஹாவ்சர் செய்து காட்டிய கிதார்களைச் செகோவியா மதிப்போடு பார்த்தார். ஆனால் தம் மேடைக் கருவியின் இடத்தை எதற்கும் தரவில்லை. 1937இல் வந்த கிதாரை ஏற்றார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அதையே மேடையில் வாசித்தார். இன்று ராமிரெஸ் கிதாரும் ஹாவ்சர் கிதாரும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பதின்மூன்று ஆண்டுகள் ஒருவர் முகத்துக்காகச் சரி என்று சொல்லாமல் இருந்ததும், மற்றவர் மனம் கசந்து கைவிடாமல் இருந்ததும் சேர்ந்தே அந்தக் கருவியைச் சாத்தியமாக்கின. செகோவியா பலகையின் கனத்தை இவ்வளவு என்று கட்டளையிடவில்லை. அது ஹாவ்சரின் துறை. ஒலி தமக்குப் போதுமா என்ற தீர்ப்பை அவர் ஹாவ்சரிடம் ஒப்படைக்கவும் இல்லை. அது தம் காதின் துறை. செய்முறையைக் கைவிட்டுத் தீர்ப்பைக் கைவிடாமல் வைத்திருக்கும் இந்தப் பிரிவினையே நல்ல நம்பிக்கையின் இலக்கணம் எனலாம். அளவு மீறி ஆணையிடுபவர் கைவினைஞரை வெறும் கூலியாக்குகிறார். தீர்ப்பையே கைவிடுபவர் அவரை முன்னேற விடாமல் செய்கிறார்.

காத்திருத்தல் இந்த அனுபவத்தின் மறைவான பகுதி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரக்பி என்ற மலைக்கிராமத்தில் அஞ்சல் பட்டுவாடா செய்தபடியே கிதார்கள் செய்துவந்த வெய்ன் ஹெண்டர்சனின் கருவிக்கு, புகழின் உச்சியிலிருந்த கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனே ஏறத்தாழ பத்தாண்டுகள் காத்திருந்தார். அதைப் பற்றி ஒரு நூலே எழுதப்பட்டிருக்கிறது. எதையும் உடனே வாங்கக்கூடிய ஒருவருக்கும் விரைவுபடுத்த முடியாத பொருள் ஒன்று இருப்பது, பணத்தின் எல்லையைக் காட்டுவதோடு இன்னொன்றையும் வெளிப்படுத்துகிறது. கேட்டவரும் பெறுபவரும் ஒரே ஆளாக இருப்பதில்லை. இடைப்பட்ட காலத்தில் வாசிப்பு மாறுகிறது, இரசனை மாறுகிறது, சிலருக்கு விரல் மூட்டுகளே மாறிவிடுகின்றன. ஆகவே சொல்லிச் செய்விப்பவர் தம் இன்றைய விருப்பத்தை வைத்து, தாம் இன்னும் சந்திக்காத ஒருவருக்காக வாக்குக் கொடுக்கிறார். அந்த ஒருவர் தாமேதான் என்பது அந்த வாக்கைச் சுலபமாக்குவதில்லை. மிக நுணுக்கமாகத் தனிப்பட்ட தேவைகளை அடுக்கியவர்களைவிட, கழுத்தும் அளவும் போன்ற நிலையானவற்றை உறுதியாகச் சொல்லி மற்றவற்றைத் தளர விட்டவர்களுக்கே, பல ஆண்டுகளுக்குப் பின்னும் கருவி பொருந்திநிற்க வாய்ப்பு அதிகம் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

கருவி வந்து சேரும் நாளும் முடிவான நாளன்று. 45 விழுக்காடு ஈரப்பதத்தை ஒட்டிய பட்டறைக் காற்றில் உருவான மரம், வேறு ஊரின் வறட்சியிலும் புழுக்கத்திலும் சுருங்கவும் ஊதவும் செய்யும். தந்தியின் உயரம் சற்று மாறும். புதிய மேற்பலகை விறைத்துக்கிடக்கும். வாசிக்க வாசிக்கக் கிதாரின் ஒலி திறந்துகொள்ளும் என்பது வாசிப்பவர்களிடையே நிலவும் உறுதியான நம்பிக்கை. மரம் மாறுகிறதா, கேட்கும் காதும் மீட்டும் கையும் அந்த மரத்துக்குப் பழகுகின்றனவா என்பது தீராத விவாதம். எது உண்மையானாலும் ஒன்று தெளிவு: கற்பனையில் பல மாதம் ஒலித்த கிதாரும் மடியில் கிடக்கும் கிதாரும் வேறுவேறு. கடையில் வாங்கியவர் தம் தேர்வைக் குறைசொல்லிக்கொண்டு வேறொன்றை மாற்றி எடுக்கலாம்; சொல்லிச் செய்வித்தவருக்கு, மடியில் இருப்பது தாம் கேட்டதே என்பதால், ஏமாற்றத்தையும் தம் கேள்வியோடு சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கைப் பற்றிய வீண் தத்துவம் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு; தொழிற்சாலைக் கிதாரில் வாழ்நாள் முழுதும் அரிய இசையை வாசித்தவர்கள் ஏராளம், கைச்செய் கிதாரை வாங்கி அலமாரியில் பூட்டிவைத்தவர்களும் இருக்கிறார்கள். மேலும், விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதி இன்று பாதணி முதல் கைப்பேசி உறை வரை எல்லாவற்றிலும் விற்கப்படுகிறது. ஆனால் திரையில் நிறத்தையும் எழுத்தையும் தேர்ந்தெடுக்கும் அந்த வசதிக்கும் இங்குப் பேசப்படுவதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அங்கே தெரிவுகள் முன்பே எண்ணி அடுக்கப்பட்டவை. எதைத் தேர்ந்தாலும் ஏன் என்று திருப்பிக் கேட்க எதிரில் ஆளில்லை. பட்டறையிலோ விருப்பம் இன்னொரு மனிதரின் அறிவில் மோதித் திரும்புகிறது. அந்த மோதலில்தான் அது திருந்துகிறது, சிலசமயம் யாரும் எதிர்பாராத திசையில் வளர்கிறது.

அப்படி வளர்ந்ததற்கு, 1984இல் முடிவுற்ற ‘பிக்காசோ’ என்ற கிதார் எடுத்துக்காட்டு. இயன்ற அளவு மிகுதியான தந்திகள் உள்ள ஒரு கருவி வேண்டும் என்று ஜாஸ் கலைஞர் பேட் மெத்தீனி, கனடாவைச் சேர்ந்த கிதார் கைவினைஞர் லிண்டா மான்சரிடம் கேட்டார். இரண்டாண்டு உழைப்பில், நான்கு கழுத்துகளும் இரண்டு ஒலித்துளைகளும் 42 தந்திகளும் கொண்ட கருவி உருவாயிற்று. இவ்வளவு தந்திகளையும் வாசிப்பவர் குனிந்து பார்க்க வேண்டுமே என்ற சிக்கலைத் தீர்க்க, கைக்கு அடியில் வரும் பக்கம் மெலிந்தும் மடியில் அமரும் பக்கம் தடித்தும் இருக்குமாறு கூட்டையே சாய்வாக அமைத்தார் மான்சர். ஆப்பு வடிவிலான அந்த அமைப்பு, தோளையும் கையையும் வருத்தாமல் வாசிக்க உதவுவதால், சாதாரண ஆறு தந்திக் கிதார்களிலும் பிற கைவினைஞர்களால் பின்பற்றப்படுகிறது. மெத்தீனி கேட்டது தந்திகளை. ஆப்பு வடிவத்தை அவர் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது, ஏனெனில் கேட்பதற்கு அது அப்போது இருக்கவில்லை. நாற்பத்திரண்டு தந்திகள் என்ற அசாதாரணக் கோரிக்கையைப் பின்பற்றியவர்கள் மிகச் சிலர். கேட்காமல் வந்ததோ பலரின் தோள்வலியைக் குறைத்திருக்கிறது.

பெக்டெலின் பதினான்கு கட்டைகளையும், செகோவியாவின் நீண்ட மறுப்பையும், மான்சரின் சாய்ந்த கூட்டையும் ஒன்றாக வைத்து நோக்கும்போது ஒரு வரையறை கிடைக்கிறது. தன் உடலும் அன்றாடப் பழக்கமும் அறிந்தவற்றைத் தயங்காமல், துல்லியமாகக் கேட்க வேண்டும். பிறர் கை மட்டுமே அறியக்கூடியவற்றில் தலையிடாமல் விலகிநிற்க வேண்டும். வந்தது போதுமா என்று சொல்லும் பொறுப்பை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கலாகாது. நடைமுறையில் இந்த மூன்றும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன: தமக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூச்சம், தெரியாததில் பிடிவாதம், இறுதியில் குறையிருந்தாலும் முகத்துக்காக ஒரு தலையாட்டல். மருத்துவரிடம் வலி எங்கே என்று சரியாகச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவரும், பிள்ளையின் இயல்பை ஆசிரியரிடம் விளக்காமல் மதிப்பெண்ணை மட்டும் வற்புறுத்துபவரும் செய்வது இந்த இடமாற்றத்தையே. முன்கூட்டிக் கேட்டுப் பார்க்க முடியாத ஒன்றை ஏற்பதில் துணிவு வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதற்கும் முன்பாகத் தேவைப்படுவது, தன் விருப்பங்களில் எவை உண்மையில் தன்னுடையவை என்று பிரித்தறியும் நேர்மை. பட்டறை வாசலில் அந்த நேர்மையைக் கற்றவருக்கு, கிதார் எப்படி அமைந்தாலும், கொடுத்த அச்சாரம் வீணாவதில்லை.